மலைக் காந்தள் வேலிக்கு வந்த வரலாறு

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் அருவியாடிச் சுனை குடைந்து, பின்னர்ச் சாரலெங்கும் திரிந்து பறித்துவந்து பாறையின்மேல் குவிக்கும் பூக்கள் 99 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நீண்ட வரிசையின் தலையில் நிற்பது செங்காந்தள். யாப்பின் தேவை கருதி அது முதலில் வந்து அமைந்தது என்று சொல்லுவாரும் உண்டு. ஆயினும், ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் அகவொழுக்கத்தை அறிவிப்பதற்காக இயற்றப்பட்டது என்று வழங்கும் அந்தப் பாட்டில், மலைநிலத்தின் பூக்களையெல்லாம் ஒருங்கே நிறுத்திக் காட்ட முனைந்த கவி, முதலிடத்தைக் காந்தளுக்குத் தந்தது தற்செயல் என்று கொள்ள எனக்கு மனம் இசையவில்லை. அன்று முதல் இன்று வரை ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக இந்தக் கொடி தமிழர் வாழ்வை விட்டு நீங்கவில்லை. முற்காலத்தவர் அதன் பூவைக் கொண்டார்கள். இடைக்காலத்து வைத்தியர்கள் அதன் கிழங்கைக் கொண்டார்கள். நம் காலத்து வியாபாரம் அதன் விதையைக் கொள்கிறது. மூன்றிலும் உறையும் விஷம் ஒன்றே. அந்த விஷத்தின் எதிரில் மனிதர் நடந்துகொண்ட முறைதான் காலத்துக்குக் காலம் வேறுபட்டு வந்திருக்கிறது.

கொடியை முதலில் கண்ணாரப் பார்த்துவிடுவது நல்லது. கோடை முழுவதும் மேலே ஓர் அடையாளமும் இன்றி மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும் கிழங்கு, மழையின் ஈரம் பட்டதும் நுனியில் முளைவிட்டு, சில வாரங்களுக்குள் ஆள் உயரத்துக்கும் மேலாகத் தளிர்த்து ஓடுகிறது. பற்றிப் படர்வதற்கு இதற்கெனத் தனியே பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு, பக்கத்தில் நிற்கும் செடியையோ வேலியையோ பிடித்துக்கொள்கிறது. பூ தலைகீழாகத் தொங்கும். ஆனால் அலையலையாக நெளிந்த ஆறு இதழ்களும் பின்புறமாக மடங்கி மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். மொட்டு அவிழும்போது பசுமையாக இருக்கும் இதழ், அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக மாறி, நாள்கள் செல்லச் செல்ல முழுவதும் செந்தழலின் நிறம் கொள்ளும். ஒரே கொடியில் இந்த எல்லாப் பருவங்களும் ஒருங்கே காணப்படுவதனால், வடமொழியார் இதற்கு அக்கினிசிகை என்று பெயரிட்டதும், நம்மவர் கார்த்திகைப் பூ என்று அழைத்ததும் மிகப் பொருத்தமாகவே தோன்றுகின்றன. மண்ணைத் தோண்டினால் கிடைக்கும் கிழங்கோ இரண்டு கவடாகப் பிரிந்து, மேழியும் கொழுவும் சேர்ந்த கோணத்தில் வளைந்திருக்கும். அதனால்தான் வைத்திய நூல்களில் அது கலப்பைக் கிழங்கு என்றும் இலாங்கலி என்றும் வழங்குகிறது; கொங்கு நாட்டார்க்கு அது கண்வலிக் கிழங்கு.

சங்ககாலத்து மக்கள் காந்தளைக் கண்ட கண்ணில் அழகும் அச்சமும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. மகளிரின் மெல்லிய விரலுக்கு அதன் இதழை உவமை கூறாத புலவர் மிகக் குறைவு. அதே பூவைப் படமெடுத்த பாம்பாகக் கண்டவர்களும் உண்டு. குறுந்தொகைப் புலவர் ஒருவர், காந்தளில் தாதூதும் தும்பியைப் பாம்பு உமிழ்ந்த மணி என்று வருணிக்கிறார். நக்கீரரின் திருமுருகாற்றுப்படையிலோ அது வண்டும் மொய்க்காத பூவாகி, முருகப்பெருமானின் தலைமாலையில் இடம் பெறுகிறது. குறுந்தொகையின் முதற் பாட்டே, அவுணரை அழித்துக் களத்தைச் சிவப்பாக்கிய அப்பெருமானின் குன்றம் இரத்த நிறத்துக் காந்தளைக் குலைகுலையாக உடையது என்பதைச் சொல்லுகிறது. தொல்காப்பியர் புறத்திணையியலில், வேலன் வெறியாடும் துறைக்கே காந்தள் என்று பெயர் வைத்தார். ஆகவே இது சாதாரணமாகக் கொய்து சூடிக்கொள்ளும் பூக்களில் ஒன்றாக அன்றி, தெய்வம் ஏறிய பூவாகவே கருதப்பட்டு வந்தது என்பது தெளிவு. மலைவாணர்கள் கிழங்குகளை அகழ்ந்து உண்டு வாழ்ந்ததைச் சங்கப் பாட்டுக்கள் ஓயாமல் கூறுகின்றன. ஆனால் காந்தளின் கிழங்கை ஒருவர் உண்டதாக நான் படித்த அளவில் எந்தப் பாட்டிலும் காணவில்லை. விஷம் இன்ன பொருள் என்று பிரித்தறியும் சாஸ்திரம் அவர்களுக்கு இல்லாவிடினும், எதைத் தொழவேண்டும், எதைத் தின்னலாகாது என்ற விவேகம் அவர்களிடம் இருந்திருக்கிறது.

இவற்றுள் என் நெஞ்சைப் பெரிதும் கவர்ந்தது குறுந்தொகையில் வரும் வேறொரு நிகழ்ச்சி. தலைவனுடைய மலையில் மாலைப்பொழுதில் பெய்த மழை வெள்ளமாகப் பெருகி, காலையில் தலைவியின் ஊர்ப்பக்கம் வந்து சேர்கிறது. அந்த வெள்ளத்தில் வேரோடும் முதலோடும் பெயர்ந்து ஒரு காந்தள் மிதந்து வருகிறது. தலைவி அதை எடுத்து, மெல்லிய இலைகள் குழையும்படி மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் நடுகிறாள். தாய் அதைக் கண்டும் தடுக்கவில்லை. அந்த ஓர் அருளுக்காகத் தாய்க்குத் தேவலோகத்தையே கைம்மாறாகத் தந்தாலும் அது சிறிதாகும் என்கிறாள் தலைவி. காதலனைக் காண இயலாத பெண் அவன் மலையிலிருந்து வந்த கொடியைத் தழுவி ஆறுதல் பெறுகிறாள் என்பது பாட்டின் உயிர். காந்தளின் வரலாற்றை எழுதப் புகுந்த எனக்கோ, இன்னொன்றும் அதில் புலப்படுகிறது. மலைக் கொடியைக் கிழங்கோடு கொண்டுவந்து மனையில் நட்டு வளர்க்க முயன்ற முதற் செய்தியாக நம் இலக்கியத்தில் எனக்குத் தெரிவது இந்தப் பாட்டுத்தான். குறவர் சிறுகுடிகளுக்குக் காந்தளே வேலியாக இருந்தது என்றும் சங்கப் புலவர்கள் பாடுகிறார்கள். வேலியில் படர்ந்த அந்தக் கொடி மீண்டும் வேலிக்கு வந்து சேர்வதற்குள் நடந்தவை மிகப் பல.

வைத்தியர்கள் கையில் வந்தபோது பூவின் மகிமை பின்னுக்குப் போய், கிழங்கின் மகிமை முன்னுக்கு வந்தது. ஆயுர்வேத சாஸ்திரிகள் எருக்கு, கள்ளி, குன்றி, ஊமத்தை, அலரி, அபின் முதலியவற்றோடு இலாங்கலியையும் உபவிஷங்களின் வரிசையில் சேர்த்தார்கள். சித்த மருத்துவரும் அதைத் தாவர நஞ்சாகக் கொண்டே பிரயோகம் வகுத்தார்கள். கிழங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பகலில் உலர்த்தி, மறுபடியும் புதிய மோரில் ஊறவைத்து, இவ்வாறு பல நாள் சுத்தி செய்த பின்னரே அதை மருந்தில் சேர்க்கவேண்டும் என்பது அவர்களுடைய சம்பிரதாயம். இப்படிச் செய்வதனால் விஷம் குறையுமேயன்றி அடியோடு போய்விடாது என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள். ஆகையால் குஷ்டம், கரப்பான், பேன்பற்று, விஷக்கடி, மூட்டுவாதம் ஆகியவற்றுக்கு மேற்பூச்சாகவும் தைலமாகவுமே அதைப் பெரும்பாலும் உபயோகித்து, உள்ளுக்குக் கொடுப்பதைத் தேர்ந்த கைகளுக்கு மட்டுமே விட்டுவைத்தார்கள்.

கிராமத்து மருத்துவச்சிகள் செய்துவந்த பிரயோகம் ஒன்றைத் தனியே சொல்லவேண்டும். பிரசவ வேதனை நீடித்துக் குழந்தை வெளிப்படாமல் தாய் துவண்டுபோகும் வேளையில், அல்லது குழந்தை பிறந்தும் நச்சுக்கொடி விழாமல் நின்றுவிடும் வேளையில், பச்சைக் கிழங்கை அரைத்து உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் கொப்பூழைச் சுற்றியும் தடவுவார்கள். காரியம் முடிந்த அந்தக் கணமே வெந்நீர் விட்டுக் கழுவிவிட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. தடவியதனால் பயன் உண்டாயிற்றா, தாமே நடக்கவிருந்தது நடந்ததா என்பது இன்றைய வைத்தியர்கள் தீர்மானிக்கவேண்டிய விஷயம். ஆனால் அந்த விதியின் கண்டிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்கள், ஒரு மருந்தைப் போடும் நேரத்தைப்போலவே அதை எடுக்கும் நேரத்தையும் கருத்தாகக் கற்றிருந்தார்கள். இதே கிழங்கைக் கர்ப்பத்தைச் சிதைக்கவும், தம் உயிரையே மாய்த்துக்கொள்ளவும் உட்கொண்டு மாண்டவர்களும் உண்டு. வடமொழியில் இதற்குள்ள பெயர்களுள் கர்ப்பபாதினி என்பது ஒன்று. அந்த இருண்ட பக்கத்தை மறைத்துவிட்டு மூலிகையின் புகழை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

ஐரோப்பியர் கண்ணில் இந்தக் கொடி பட்டது மலையாளக் கரையில். கொச்சியில் டச்சுக்காரரின் கவர்னராக இருந்த ஹென்ரிக் வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற கொங்கணி வைத்தியர் மூவரும் சொல்லச் சொல்ல எழுதுவித்து, ஆம்ஸ்டர்டாம் நகரில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் பெருநூலில், மேந்தோன்னி என்ற மலையாளப் பெயரோடு காந்தள் சித்திரமாக இடம்பெற்றது. பின்னர்த் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753-இல் அதற்கு குளோரியோசா சுப்பெர்பா என்ற லத்தீன் பெயரைச் சூட்டினார். பிறகு அந்தப் பூ ஐரோப்பியச் செல்வரின் கண்ணாடி வீடுகளில் அலங்காரமாகப் போய் அமர்ந்தது. அதன் வேரில் என்ன இருக்கிறது என்பதை விசாரிக்க மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த விசாரணையில் முன்னின்றவர்களுள் நம் சென்னைவாசி ஒருவரை நினைவுகூர்வது கடமை. திருவல்லிக்கேணி வைத்தியசாலையில் பணியாற்றிய டாக்டர் மொய்தீன் ஷெரீப், மேல்நாட்டு வைத்தியம் பயின்றவராயினும் நாட்டு மருந்துகளின் பெயர்களையும் குணங்களையும் பல மொழிகளில் திரட்டி, 1869-இல் இந்திய மருந்து நூலுக்கு ஓர் அனுபந்தம் எழுதினார். காந்தள் கிழங்கு ஜனங்கள் அஞ்சும் அளவுக்குக் கொடிய விஷமன்று என்பதும், மிகச் சிறிய அளவில் அது உடலைத் தேற்றி முறைக்காய்ச்சலைத் தணிக்கும் என்பதும் அவருடைய அபிப்பிராயம். பிற்கால ஆராய்ச்சியை நோக்க, அவர் ஜனங்களின் அச்சத்தைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டார் என்று சொல்லத்தான் வேண்டும். எனினும் கேள்வியால் மட்டும் எதையும் ஏற்காமல் பரீட்சித்தே எழுதவேண்டும் என்ற அவருடைய விரதம் போற்றத்தக்கது. கல்கத்தாவில் ரசாயன ஆசிரியராக இருந்த வார்டன் என்பவர் கிழங்கிலிருந்து ஒரு கசப்புச் சத்தைப் பிரித்து அதற்குச் சுப்பெர்பின் என்று பெயரிட்டார். இறுதியில் 1915-ஆம் ஆண்டு கிளியூவர், கிரீன், டுட்டின் என்ற மூவர், கிழங்கில் உள்ள பிரதான விஷம் கோல்ச்சிசின் என்று நிறுவினார்கள்.

கோல்ச்சிசின் மேல்நாட்டாருக்குப் புதிய பொருள் அன்று. ஐரோப்பாவின் புல்வெளிகளில் இலையுதிர் காலத்தில் மலரும் கோல்ச்சிக்கம் என்ற சிறு செடியின் கிழங்கை, விரல் மூட்டுக்கள் வீங்கித் துடிக்கச் செய்யும் கௌட் என்ற வாதநோய்க்குப் பைசாந்திய வைத்தியர்கள் ஆறாம் நூற்றாண்டிலேயே கொடுத்துவந்தார்கள். அதன் விஷத்தைக் கண்டு அஞ்சி நெடுங்காலம் கைவிட்டிருந்த பின், வியன்னா நகரத்து வைத்தியர் ஸ்டோர்க் 1763-இல் அதை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிரெஞ்சு ரசாயனிகள் பெல்லெத்தியேவும் காவந்துவும் 1820-இல் அதன் சத்தைப் பிரித்தார்கள். இவ்வாறு, கடல் கடந்த இரு வேறு நாடுகளில் இரு வேறு செடிகளின் கிழங்கில், ஒன்றையொன்று அறியாத இரண்டு வைத்திய மரபுகள் மூட்டுநோய்க்கு மருந்தைக் கண்டெடுத்து, அது ஒரே பொருளாகவும் அமைந்துவிட்டதை எண்ணுகையில் வியப்பு உண்டாகாமல் இராது.

இந்த விஷம் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை அறிந்தால்தான் அதன் நன்மையும் தீமையும் ஒரே மூலத்திலிருந்து எழுவது விளங்கும். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அதனுள் மிக நுண்ணிய இழைகள் தோன்றி, இரட்டித்து நிற்கும் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கின்றன. கோல்ச்சிசின் அந்த இழைகளைக் கட்டியெழுப்பும் புரதத்தைப் பற்றிக்கொண்டு இழை உருவாகாதபடி தடுத்துவிடுகிறது. அணுப் பிரிவு நடுவழியில் நின்றுபோகிறது. அற்ப அளவில் கொடுத்தால், வீங்கிய மூட்டை நோக்கித் திரண்டு ஓடும் வெள்ளணுக்களின் ஓட்டம் தளர்ந்து வலி தணிகிறது. அளவு மீறினாலோ, இடைவிடாமல் பிரிந்து பெருகவேண்டிய இடங்களெல்லாம் முதலில் பாழாகின்றன. உட்கொண்ட சில மணி நேரத்தில் தொண்டை எரிந்து, வாந்தியும் பேதியும் ஓயாது கண்டு, உடலின் நீர் வற்றி நாடி ஒடுங்கும். அதைத் தாண்டிப் பிழைத்தவருக்கு அடுத்த நாள்களில் எலும்பின் ஊன் நலிந்து இரத்த அணுக்கள் குன்றும். இரண்டாம் வாரத்தில் தலைமயிர் கொத்துக்கொத்தாக உதிரும். இலங்கையில் காந்தள் கிழங்கு உண்டு பிழைத்த ஒருவருக்கு உடல் முழுவதும் மயிர் உதிர்ந்த விருத்தாந்தத்தை அந்நாட்டு வைத்தியர் ஒருவர் 1966-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அங்கே சிங்களர் நியங்கலா என்று அழைக்கும் இந்தக் கிழங்கை, வத்தாளைக் கிழங்கோடு சேர்த்து அவித்துத் தின்று அறியாமல் மாண்டவர்கள் உண்டு. அறிந்தே தின்றவர்களும் உண்டு. வேகவைப்பதால் இந்த விஷம் அழிவதில்லை. இதற்கு எங்கும் எளிதாகக் கிடைக்கக்கூடிய முறிவு மருந்தும் இன்றுவரை இல்லை. உடலைத் தாங்கி நிறுத்திக் காத்திருப்பதே வைத்தியம்.

அணுப் பிரிவை நிறுத்தும் இதே குணம் வேறு பயன்களுக்கும் வழிகாட்டியது. பிளேக்ஸ்லி, ஏவரி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1937-இல், கோல்ச்சிசின் தடவிய செடியின் குரோமோசோம்கள் இரட்டித்துவிடுவதைக் கண்டு வெளியிட்டார்கள். அதன் விளைவாகப் பயிர் வளர்ப்புச் சாஸ்திரத்திலே ஒரு புதிய வாசல் திறந்தது; ஜப்பானியப் பேராசிரியர் கிஹாரா விதையில்லாத் தர்ப்பூசணியை உண்டாக்கியதும் அந்த வாசல் வழியாகத்தான். பரம்பரையாக வரும் மத்தியதரைக் காய்ச்சலுக்கு இதுவே மருந்து என்பது 1972-இல் தெரிந்தது. இருதய நோயாளிகளுக்கு அரை மில்லிகிராம் அளவில் கொடுக்க 2023-இல் அமெரிக்க அரசு அநுமதி வழங்கியது. தசைப் பிடிப்பைத் தளர்த்தும் தயோகோல்ச்சிகோசைடு என்ற மாத்திரைக்கும் இதே மரபுச் சத்துத்தான் ஆதாரம். இவ்வளவு தேவைகளுக்கும் ஈடுகொடுக்க ஐரோப்பியப் புல்வெளிச் செடி போதவில்லை. காந்தள் விதையில், கிழங்கைக் காட்டிலும் மிகுதியாக அந்தச் சத்து இருப்பது தெரிந்ததும், மருந்து வியாபாரிகளின் பார்வை தமிழ்நாட்டின் மீது திரும்பியது.

தொடக்கத்தில் அவர்கள் காட்டையும் கடற்கரையையும் நாடினார்கள். வேதாரணியத்து மணற்காடுகளிலும் மலையடிவாரப் புதர்களிலும் தாமாக வளர்ந்த கொடிகளின் கிழங்கையும் காயையும் கூலிக்குப் பறித்து மூட்டை மூட்டையாக விற்றார்கள். கிழங்கைப் பெயர்த்தால் மறுவருஷம் கொடி இல்லை. ஒரு தலைமுறைக்கு முன் வேலிகள்தோறும் கார்த்திகையில் சிவந்து நின்ற பூவை இன்று தேடிப் போய்ப் பார்க்கவேண்டியிருக்கிறது என்றால், அதற்கு இந்த அளவற்ற அகழ்தல் ஒரு முக்கிய காரணம். பின்னர், சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், மழை குறைந்த கொங்குச் சீமையின் செம்மண் காடுகளில் அதைப் பயிராகவே வளர்க்கத் தொடங்கினார்கள். மூலனூர், தாராபுரம், கள்ளிமந்தயம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் இன்று கண்வலிக் கிழங்கு என்றால் பணப்பயிர் என்றே பொருள். கிளுவை முள்வேலியையும் விராலி மிலாறுகளையும் துணை நிறுத்தி, இப்போது பல இடங்களில் கம்பியும் இழுத்து, கொடியை ஏற்றிவிடுகிறார்கள். ஒருமுறை நட்டால் ஐந்து வருஷம் வரை பலன் தரும்.

அந்தக் காடுகளில் பூக்கும் பருவத்துக் காலைப்பொழுது பார்க்கவேண்டிய ஒன்று. காந்தட்பூவின் சூல்தண்டு, மகரந்தத் தாள்களை விட்டு விலகி, அடியிலேயே செங்கோணமாக ஒரு பக்கம் மடங்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஆதலால் தன் மகரந்தம் தன்மேல் எளிதில் விழாது. காட்டில் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் செய்யும் தூதுவேலை, பல ஏக்கர் பரப்பில் நெருக்கமாக நட்ட பயிருக்குப் போதுவதில்லை. எனவே வெயில் ஏறுவதற்கு முன் பெண்கள் வரிசை வரிசையாக இறங்கி, ஒரு பூவின் மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்து அடுத்த பூவின் சூல்முடியில் மெதுவாகத் தொட்டுத் தடவிக்கொண்டே செல்கிறார்கள். தொட்ட பூவை விட்டுத் தொடாத பூவுக்கு அவர்கள் விரல் தானாகவே போகிறது. மஞ்சள் மாறாத இளம்பூ எது, சிவந்து முற்றிய பூ எது என்று கண் பார்க்கும் முன்பே கை அறிந்துவிடுகிறது. நாள்தோறும் புதிய பூக்கள் மலர்வதால் பூப்பருவம் முடியும்வரை இந்த வேலைக்கு ஓய்வு கிடையாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவாமல் தூக்குப்போசியைத் திறக்கலாகாது என்பதும், கண்ணைக் கசக்கலாகாது என்பதும், கைக்குழந்தையை வரப்பில்கூடப் படுக்கவைக்கலாகாது என்பதும் அங்கே மூத்த பெண்கள் இளையவர்களுக்குச் சொல்லும் முதற்பாடம். பிரசவ அறையில் மருத்துவச்சி காத்துவந்த கண்டிப்பு இந்தச் சொற்களில் இன்னும் உயிரோடு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எல்லாக் காடுகளிலும் கையுறை கொடுக்கிறார்களா என்றால், இல்லை.

இந்த விஷக்கொடியைத் தின்று வாழும் ஜீவன் ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கறுத்த உடலில் வெள்ளையும் சிவப்புமான புள்ளிகள் கொண்ட ஒருவகைப் புழு, ஆட்டையும் மாட்டையும் வீழ்த்தவல்ல இலையை அடியோடு மென்றுவிட்டுச் செழிப்பாக ஊர்கிறது. குடியானவருக்கு அது பகை. இயற்கையில் ஆர்வமுள்ளவரோ அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

காய் முற்றி வெளிறத் தொடங்கும்போது பறித்து நிழலில் உலர்த்தினால், தோல் பிளந்து உள்ளே செம்மஞ்சள் நிறத்து விதைகள் வெளிப்படும். உரிப்பதும் பெண்களின் கைவேலையே. ஒரு ஹெக்டேரில் முதல் வருஷம் 200 முதல் 250 கிலோ விதை கிடைத்தால் நல்ல விளைச்சல். அதற்கு விலை நிர்ணயிப்பவர் உள்ளூரில் இல்லை. விதையின் பெரும்பகுதி தரகர் கைமாறிச் சத்தெடுக்கும் ஆலைகளுக்கும், அங்கிருந்து ஐரோப்பிய மருந்துக் கம்பெனிகளுக்கும் போகிறது. கிலோ 1,000 ரூபாயை ஒட்டி விழுந்த ஆண்டுகளும் உண்டு. 3,000 ரூபாயைக் கடந்து ஏறிய ஆண்டுகளும் உண்டு. ஏறிய ஆண்டைக் கண்டு மற்றவரும் நடுகிறார்கள். அடுத்த ஆண்டு விலை சரிகிறது. நல்ல காலம் வரும் என்று மூட்டைகளை வீட்டு மூலையில் அடுக்கிவைத்துக் காத்திருக்கிறார்கள். நெல்லையும் பருத்தியையும்போல ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பகிரங்க ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டும், அரசு ஓர் ஆதார விலை வகுக்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுவருவது முற்றிலும் நியாயமே. உலகத்து நோயாளிகளின் மூட்டுவலிக்கு மருந்தாகும் பொருளைத் தம் கையால் பூப்பூவாகச் சூல் கொள்ளச் செய்து வளர்ப்பவர்கள், அதன் விலையை யாரோ தொலைபேசியில் சொல்லக் கேட்டு அறியும் நிலை எனக்குப் பொறுக்கக்கூடியதாக இல்லை.

பூவுக்கு மரியாதை குறைந்துவிடவில்லை. தமிழ்நாட்டு அரசு அதை மாநில மலராகக் கொண்டிருக்கிறது. ஈழத்தில் அது கார்த்திகைப் பூவாக, நவம்பர் மாதத்து மாவீரர் நினைவோடு பிணைந்து, போர் ஓய்ந்த பின்பும் தமிழர் நெஞ்சில் கனத்து நிற்கிறது. ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டுக்கும் இதுவே தேசிய மலர். தெற்கு ரொடீசியா என்று அது வழங்கிய 1947-ஆம் ஆண்டில் அங்குள்ள பள்ளிக் குழந்தைகள், அப்போது இளவரசியாக இருந்த எலிசபெத்துக்குக் காந்தட்பூ வடிவில் வைரப் பதக்கம் ஒன்றைப் பிறந்தநாள் பரிசாக அளித்தார்கள்.

ஐந்தாம் வருஷம் கொடி ஓய்ந்ததும் மூலனூர்க் காடுகளில் கிழங்கை அகழ்ந்து எடுப்பார்கள். விதைக்கிழங்கு ஒவ்வொன்றும் 50, 60 கிராம் எடையாவது இருக்கவேண்டும் என்பது கணக்கு. கவட்டின் இரு நுனிகளிலும் ஒவ்வொரு முளைக்கண்தான் உண்டு. அது முறிந்துவிட்டால் அந்தப் பக்கம் இனி முளைக்காது. அதனால் மண்வெட்டியை ஓரமாகப் போட்டுவிட்டு, கடைசிச் சாண் மண்ணை விரலாலேயே தள்ளி, கிழங்கைப் பக்குவமாகத் தூக்கி, ஒன்றின்மேல் ஒன்று உரசாதபடி பரப்பி நிழலில் உலர்த்துகிறார்கள். விதைக்கு விலை இல்லாத வருஷங்களிலும் கிழங்குக்குக் கேட்பார் வருவதுண்டு. பக்கத்து ஊரில் புதிதாக நட விரும்புகிறவர், ஆடி மழைக்கு முன் வண்டியோடு வந்து, நுனி முறியாதவற்றைத் தாமே பொறுக்கி எடுத்து, எடை போட்டு, கையோடு பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.